கோப்பு யார் கையில்? கிளவுட் காலத்தில் மேசைக்கணினித் தரவுத்தளங்கள்

ஒரு மாவட்டத்தின் எல்லை வரைபடத்தைக் கணினியில் பயன்படுத்தும் வடிவில் இணையத்திலிருந்து இறக்கினால், பல நேரங்களில் ஒரே பெயரில் மூன்று நான்கு கோப்புகள் சேர்ந்து வரும். அவற்றில் ஒன்றின் பின்னொட்டு டி.பி.எஃப். ஒவ்வொரு நிலத்துண்டின் பெயர், எண், பரப்பு எல்லாம் அதற்குள்தான் இருக்கும். அந்த அட்டவணையில் ஒரு பத்தியின் தலைப்பு 10 எழுத்துக்கு மேல் போகக்கூடாது. நீளமான தலைப்புகளை வெட்டிச் சுருக்கித்தான் எழுத வேண்டும். 1980களின் தொடக்கத்தில் டிபேஸ் என்ற மேசைக்கணினித் தரவுத்தளம் விதித்த கட்டுப்பாடு அது. டிபேஸை விற்ற ஆஷ்டன்-டேட் நிறுவனத்தை 1991இல் போர்லண்ட் வாங்கியது. போர்லண்டை 2009இல் இன்னொரு நிறுவனம் வாங்கியது. வரைபட மென்பொருள் நிறுவனமான எஸ்ரி தன்னுடைய ஷேப்ஃபைல் வடிவத்துக்கு டிபேஸின் கோப்பை எடுத்துக்கொண்டதால், விற்றவர்கள் போன பிறகும் அந்தக் கோப்பு உலகம் முழுக்கப் புழங்குகிறது.

மேசைக்கணினித் தரவுத்தளங்களின் காலம் முடிந்துவிட்டது என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். புதிதாகத் தொழில் தொடங்கும் எவரும் இன்று டிபேஸையோ ஃபாக்ஸ்ப்ரோவையோ தேடிப் போவதில்லை; உலாவியைத் திறந்து மாதச் சந்தா கட்டுகிறார்கள். ஆனால் அந்தச் சந்தாவைக் கட்டப் பயன்படும் கைப்பேசிக்குள்ளேயே சர்வர் தேவைப்படாத தரவுத்தளங்கள் பல ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆகவே அழிந்ததா பிழைத்ததா என்று கேட்பதைவிட, அந்தப் பழைய மென்பொருளுக்குள் என்னவெல்லாம் இருந்தன, அவை ஒவ்வொன்றும் எங்கே போய்ச் சேர்ந்தன என்று கேட்பது பயன் தரும். அப்படிக் கேட்டால், உண்மையில் ஆபத்தில் இருப்பது எது என்பதும் புலப்படும்.

மூன்று பொருள்கள், ஒரே பெட்டி

நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் வேலை பார்த்த வேய்ன் ராட்லிஃப், அலுவலக நண்பர்களுக்குள் நடக்கும் அமெரிக்கக் கால்பந்துப் பந்தயத்தில் ஜெயிப்பதற்காக 1970களின் பிற்பகுதியில் எழுதிய நிரல்தான் டிபேஸின் மூலம். 'வல்கன்' என்ற பெயரில் அதைத் தானே விற்றுப் பார்த்தார். பிறகு ஆஷ்டன்-டேட் அதை எடுத்து 'டிபேஸ் 2' என்று சந்தைக்குக் கொண்டுவந்தது. அடுத்த பத்தாண்டில் கிளிப்பர், ஃபாக்ஸ்பேஸ் (பின்னாளில் ஃபாக்ஸ்ப்ரோ), பாரடாக்ஸ், மேக் கணினிகளுக்கான ஃபைல்மேக்கர் என்று ஒரு வரிசையே வந்தது. 1992இல் மைக்ரோசாஃப்ட், ஃபாக்ஸ் நிறுவனத்தை வாங்கியது. அதே ஆண்டு நவம்பரில் தன் சொந்தத் தயாரிப்பான ஆக்சஸையும் வெளியிட்டது.

இவை எல்லாவற்றிலும் மூன்று பொருள்கள் ஒரே பெட்டியில் வந்தன. ஒன்று, தகவலைத் தேடவும் வரிசைப்படுத்தவும் சேமிக்கவும் தெரிந்த எஞ்சின். இரண்டு, அந்தத் தகவல் குடியிருக்கும் கோப்பு. ஃப்ளாப்பியிலோ பென்டிரைவிலோ நகலெடுத்தால் மொத்த அலுவலகமும் சட்டைப் பையில் அடங்கும். மூன்று, பயனரே தனக்கு வேண்டியதைச் செய்துகொள்ளும் பட்டறை: அட்டவணை வடிவமைப்பது, படிவம் வரைவது, அறிக்கையை அச்சிடுவது, நாலு வரி நிரல் எழுதுவது எல்லாம் அங்கேயே.

இவற்றில் சமூகத்தின் மேல் அதிகத் தாக்கம் செலுத்தியது மூன்றாவதுதான். பண்டகசாலைக் காப்பாளர், பள்ளி எழுத்தர், மருத்துவமனை மருந்தகத்தில் இருப்பவர் என்று நிரலாக்கம் படிக்காத லட்சக்கணக்கானோர் தங்கள் வேலைக்கு ஏற்ற மென்பொருளைத் தாங்களே கட்டினார்கள். டெண்டர் கிடையாது, ஒப்பந்தக்காரர் கிடையாது. என்ன தேவை என்பது தெரிந்த ஆளே அதைச் செய்யும் ஆளாகவும் இருந்தார்.

பகிர்ந்த கோப்பின் பலவீனம்

சரிவுக்கு விளம்பர மோகம் மட்டும் காரணமல்ல. அந்த அமைப்பிலேயே ஒரு குறை இருந்தது. ஐந்து கணினிகள் உள்ள அலுவலகத்தில் ஓர் ஆக்சஸ் கோப்பைப் பொது ஃபோல்டரில் வைத்து எல்லோரும் திறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கோப்பு இருக்கும் கணினி வெறும் வட்டுதான். அங்கே கேள்வியைப் புரிந்துகொண்டு விடை தேடித் தருபவர் யாரும் இல்லை. ஐந்து கணினிகளிலும் ஐந்து எஞ்சின்கள் தனித்தனியே ஓடி, 4 கிலோபைட் அளவுள்ள பக்கங்களாகக் கோப்பைக் கம்பி வழியே இழுத்துப் படிக்கின்றன, திருத்தி எழுதுகின்றன. யார் எந்தப் பக்கத்தைப் பிடித்திருக்கிறார் என்று குறித்துவைக்கப் பக்கத்திலேயே ஒரு சிறு பூட்டுக் கோப்பு.

ஒருவர் ஒரு ரசீதைத் திருத்திச் சேமிக்கும்போது ஓர் இடத்தில் மட்டும் எழுதப்படுவதில்லை. ரசீது இருக்கும் பக்கம், அதைத் தேட உதவும் அகரவரிசைப் பக்கங்கள் எல்லாம் மாற வேண்டும். முதல் பக்கம் எழுதி முடித்து இரண்டாவது பக்கத்துக்குப் போவதற்குள் கரண்ட் போனாலோ, மேசைக்கு அடியில் காலிடறிக் கம்பி கழன்றாலோ கோப்பு பாதி பழையதும் பாதி புதியதுமாக நின்றுவிடும். மறுநாள் காலை திறந்தால் 'பழுதுபார்க்க வேண்டும்' என்ற செய்தி வரும். போஸ்ட்கிரஸ் போன்ற சர்வர் தரவுத்தளத்தில் இந்தச் சிக்கல் எழாது. அங்கே கோப்பைத் தொடும் உரிமை சர்வருக்கு மட்டுமே உண்டு. என்ன செய்யப்போகிறோம் என்பதை அது முதலில் ஒரு பதிவேட்டில் எழுதிக்கொண்டு பிறகே செய்கிறது. பயனரின் இணைப்பு நடுவில் அறுந்தால் அரைகுறை வேலை ரத்தாகும், மற்றவர்களுக்குச் சேதமில்லை.

பாதுகாப்பிலும் இதே கதைதான். பொதுக் கோப்பில் எழுத அனுமதி உள்ள ஒவ்வொருவருக்கும் அதை முழுசாக நகலெடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகவும் வழி உண்டு. ஓர் ஆக்சஸ் கோப்பு 2 ஜிகாபைட்டைத் தாண்ட முடியாது. ஒரே நேரத்தில் 255 பேர் வரை திறக்கலாம் என்பது காகிதக் கணக்கு. நடைமுறையில் அதில் சிறு பங்கு பேர் சேர்ந்தாலே கோப்பு திணறும். அதே கோப்பை ஒன்டிரைவ் போன்ற ஒத்திசைவு ஃபோல்டரில் போட்டுவிட்டால் இன்னும் மோசம். அந்தச் சேவைக்கு அது ஒரே கோப்பு. உள்ளே இருக்கும் ரசீதுகள் அதற்குத் தெரியாது. இருவர் ஒரே நேரத்தில் திருத்தினால் இரண்டு கோப்புகள் மிஞ்சும். எது சரி என்று மனிதர்தான் உட்கார்ந்து ஒப்பிட வேண்டும்.

கைப்பேசியும் உலாவியும் வந்தபோது இந்தக் கட்டமைப்புக்குப் போக்கிடம் இல்லை. விசுவல் ஃபாக்ஸ்ப்ரோவின் கடைசிப் பதிப்பு 2004இல் வந்தது. இனி புதிய பதிப்பு கிடையாது என்று மைக்ரோசாஃப்ட் 2007இல் அறிவித்தது. ஆதரவு 2015 ஜனவரியில் முடிந்தது. ஆக்சஸை உலாவிக்குக் கொண்டுபோகும் முயற்சியும் நடந்தது. 2013 பதிப்போடு வந்த 'ஆக்சஸ் வெப் ஆப்' வசதியை, 2017இல் அறிவித்து 2018 ஏப்ரலில் மூடிவிட்டார்கள். கவனிக்க வேண்டிய முரண் இது: மேசைக்கணினி ஆக்சஸ் இன்றும் மைக்ரோசாஃப்ட் 365 தொகுப்பில் வருகிறது; அதன் கிளவுட் வாரிசுதான் ஐந்து ஆண்டுகளில் மறைந்தது.

எஞ்சின் எங்கே போயிற்று?

2000ஆம் ஆண்டு வாக்கில் ரிச்சர்ட் ஹிப் என்ற நிரலாளர் அமெரிக்கக் கடற்படைக் கப்பலுக்கான மென்பொருள் ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தார். அது ஒரு சர்வர் தரவுத்தளத்தை நம்பி இயங்கியது. சர்வர் நின்றால் மென்பொருளும் நின்றது. திரையைப் பார்த்து உட்கார்ந்திருப்பவருக்குக் கோபம் அந்த மென்பொருள் மீதுதான். சர்வரே இல்லாமல், வட்டில் உள்ள கோப்பை நேராகப் படிக்கும் ஒரு சிறிய எஞ்சின் இருந்தால் என்ன என்று அவர் யோசித்ததன் விளைவு எஸ்க்யூலைட்.

இன்று ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும், பெரிய உலாவிகளிலும் அது இருக்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் வாட்ஸாப் உரையாடல்கள் சேமிக்கப்படுவதும் எஸ்க்யூலைட் கோப்பில்தான். உலகில் வேறெந்தத் தரவுத்தளத்தைவிடவும் அதிக இடங்களில் ஓடுவது அதுவாகவே இருக்கும். அதற்கு உரிமக் கட்டணம் இல்லை, பொதுவுடைமையாகவே விடப்பட்டிருக்கிறது. மூல நிரலைப்போல ஏறத்தாழ 590 மடங்கு நீளத்துக்குச் சோதனை நிரல்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். நடுவில் மின்சாரம் போவதுபோல் செயற்கையாக நிறுத்திப் பார்ப்பதும் அந்தச் சோதனைகளில் அடக்கம். ஆக்சஸ் கோப்பு எந்த இடத்தில் உடைந்ததோ, அந்த இடத்தைத்தான் இவர்கள் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்க்கிறார்கள்.

இந்த எஞ்சின் பழைய குறையை எப்படித் தாண்டியது? பாதியைத் தாண்டியது. மீதியை ஒப்புக்கொண்டு ஒதுங்கியது. மாற்றங்களை முதலில் தனிப் பதிவேட்டில் எழுதும் உத்தியைக் கையாள்வதால் இடையில் அறுந்தாலும் கோப்பு பிழைக்கும். அதே சமயம், ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். பல கணினிகள் வலையமைப்பு வழியே ஒரே கோப்பைத் திறக்கும் முறைக்குத் தான் ஏற்றதல்ல என்று அதன் ஆவணமே சொல்கிறது. ஒரு கருவி, ஒரு கோப்பு, ஓர் எஞ்சின் என்ற எல்லைக்குள் நின்றதால்தான் அது நிலைத்தது.

பகுப்பாய்வுப் பக்கத்திலும் இதேபோல் ஒரு திருப்பம் நேர்ந்தது. ஆம்ஸ்டர்டாமின் சி.டபிள்யூ.ஐ. ஆய்வு நிறுவனத்தில் மார்க் ராஸ்வெல்ட், ஹானஸ் முலைசன் இருவரும் உருவாக்கிய டக்டிபி 2019இல் வெளியுலகுக்கு வந்தது. 2024 ஜூனில் 1.0 பதிப்பை எட்டியது. கோடிக்கணக்கான வரிகளை ஒரு சாதாரண மடிக்கணினியில் கூட்டிக் கழித்துப் பார்க்க அது போதுமானதாக இருக்கிறது. கூகுளின் பிக்குவெரி கிளவுட் சேவையில் பல ஆண்டுகள் பணியாற்றிய ஜோர்டன் டிகானி 2023இல் ஒரு கட்டுரை எழுதினார். பெருந்தரவுக்கென்று கட்டிய சேவையைப் பயன்படுத்திய வாடிக்கையாளர்களில் பெரும்பாலோரிடம் இருந்த தரவு அப்படியொன்றும் பெரிதல்ல என்பது அதன் சாரம். அதற்கு முந்தைய ஆண்டே அவர் டக்டிபியைச் சுற்றி ஒரு நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். கணினிகளின் வட்டும் நினைவகமும் வளர்ந்த வேகத்தில் நம்முடைய பெரும்பாலான கணக்குகள் வளரவில்லை.

கிளவுட் நிறுவனங்களே இந்த எஞ்சினைத் திருப்பி எடுத்துக்கொண்டதுதான் சுவையான பகுதி. கிளவுட்ஃப்ளேர் விற்கும் டி1 சேவையின் அடியில் இருப்பது எஸ்க்யூலைட். எல்லோருக்கும் ஒரே பெரிய தரவுத்தளம் வைப்பதற்குப் பதில், வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னத் தரவுத்தளம் கொடுத்துவிடும் முறை அங்கே பரவி வருகிறது. மேசைக்கணினி மென்பொருளின் முதல் உறுப்பான எஞ்சினைப் பொறுத்தவரை, அதற்கு எதிர்காலம் உண்டா என்ற கேள்வியே இப்போது இல்லை.

கோப்பின் ஆயுள்

இரண்டாவது உறுப்பான கோப்புக்கு நிலைமை அவ்வளவு எளிதல்ல. இந்திய நூலகங்களின் அனுபவம் இதற்கு நல்ல சான்று. யுனெஸ்கோ 1985இல் மேசைக்கணினிகளுக்காக வெளியிட்ட சி.டி.எஸ். ஐசிஸ் என்ற மென்பொருளை இங்கே நிசாட் அமைப்பு விநியோகித்தது. ஏராளமான நூலகர்கள் தங்கள் முதல் கணினிப் பட்டியலை அதில்தான் உருவாக்கினார்கள். இன்று அந்த இடத்தில் நியூசிலாந்தில் பிறந்த கோஹா போன்றவை இருக்கின்றன. பழைய பட்டியல்கள் புதிய மென்பொருளுக்கு ஏற முடிந்ததற்குக் காரணம், ஐ.எஸ்.ஓ. 2709 என்ற பொதுவான பரிமாற்ற வடிவில் தகவலை வெளியே எடுக்க ஐசிஸ் வழி வைத்திருந்தது. மென்பொருள் ஓய்வுபெற்றது, உழைத்துச் சேர்த்த பட்டியல் வீணாகவில்லை.

எல்லாருக்கும் இந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை. ஆக்சஸ் 97இல் உருவாக்கிய கோப்பை ஆக்சஸ் 2013 திறக்காது. நடுவில் உள்ள ஒரு பழைய பதிப்பைத் தேடிப்பிடித்து மாற்றித்தான் கொண்டுவர வேண்டும். டாஸ் காலத்து ஃபாக்ஸ்ப்ரோ நிரல்கள் 64 பிட் விண்டோஸில் நேரடியாக ஓடுவதில்லை. கோப்பு கையில் இருந்தும் திறக்க ஆளில்லாத நிலை அது.

தமிழுக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல். பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த தமிழ், கோப்புக்குள் தமிழாக இருக்காது. 'அம்மா' என்ற சொல் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகவே சேமிக்கப்பட்டிருக்கும். அந்த எழுத்துருவைப் போட்டுப் பார்க்கும்போதுதான் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். அகரவரிசைப்படுத்தச் சொன்னால் ஆங்கில வரிசையில் அடுக்கித் தரும். ஆக்சஸில் யுனிகோட் வந்தது 2000ஆம் ஆண்டுப் பதிப்பில்தான். ஃபாக்ஸ்ப்ரோவுக்குக் கடைசிவரை யுனிகோட் வாய்க்கவே இல்லை. எனவே 1990களில் தமிழில் சேர்த்த உறுப்பினர் பட்டியல்களையும் நூல் அட்டவணைகளையும் இன்று மீட்க இரண்டு படிகள் தேவை: முதலில் கோப்பைத் திறக்க வேண்டும், பிறகு எந்த எழுத்துருவில் அடித்தது என்று கண்டுபிடித்து யுனிகோடுக்கு மாற்ற வேண்டும். ஒரே அட்டவணையில் பெயர் ஓர் எழுத்துருவிலும் முகவரி ஆங்கிலத்திலும் இருந்தால், எந்தப் பத்தியை மாற்றுவது, எதை விடுவது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் செய்ய முடியும்.

இந்தப் பின்னணியில் பார்த்தால், அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தரவுத் தொகுப்புகளைப் பாதுகாக்கப் பரிந்துரைக்கும் வடிவங்களில் எஸ்க்யூலைட்டையும் சேர்த்திருப்பதன் பொருள் விளங்கும். 2004இல் அமைந்த அதன் கோப்பு வடிவத்தை இன்றைய பதிப்பும் படிக்கும். 2050 வரை ஆதரவு தருவோம் என்பது அதை உருவாக்குபவர்கள் அறிவித்திருக்கும் திட்டம். வரைபடத் துறையில் ஷேப்ஃபைலுக்கு மாற்றாக 2014இல் தரநிலையான ஜியோபேக்கேஜ் என்பதும் உள்ளுக்குள் ஓர் எஸ்க்யூலைட் கோப்புதான். கியூஜிஸ் மென்பொருள் தன் மூன்றாம் பதிப்பிலிருந்து அதையே இயல்பு வடிவமாக வைத்திருக்கிறது. டிபேஸ் கோப்பின் இடத்துக்கு இன்னொரு மேசைக்கணினிக் கோப்பே வருகிறது. 10 எழுத்துக் கட்டுப்பாடு இல்லாமல்.

சந்தாவுக்குக் கிடைப்பதும் கிடைக்காததும்

கிளவுட் சேவைகள் தருவதைக் குறைத்துச் சொல்வது நியாயமல்ல. தினசரி பேக்கப், எங்கிருந்தும் அணுகும் வசதி, யார் எப்போது எதை மாற்றினார் என்ற பதிவு, பாதுகாப்புத் திருத்தங்கள் எல்லாவற்றையும் ஐந்து பேர் உள்ள கடை தன் சொந்த முயற்சியில் செய்துகொள்ளாது. வட்டு பழுதாகிப் பத்து வருடக் கணக்கு போன கடைகளுக்கு ஈடாக ஒரு கிளவுட் விபத்தைக் காட்டுவது கடினம்.

ஆனால் விபத்து நேரும்போது அதன் அளவு வேறு. 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியம் கூகுள் கிளவுட்டில் வைத்திருந்த தனிக் கிளவுட் ஒன்று, அமைக்கும்போது நேர்ந்த ஒரு பிழையால் அழிக்கப்பட்டது. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் பல நாட்கள் தங்கள் கணக்கைப் பார்க்க முடியவில்லை. வேறொரு நிறுவனத்திடமும் பேக்கப் வைத்திருந்தது மீட்புக்கு உதவியது. அந்த முன்யோசனை எத்தனை சிறு நிறுவனங்களுக்கு இருக்கும்?

சேவையே மூடப்படுவது இன்னொரு வகை. கைப்பேசிச் செயலிகளுக்குத் தரவுத்தளம் தந்த பார்ஸ் நிறுவனத்தை ஃபேஸ்புக் 2013இல் வாங்கியது. 2016 ஜனவரியில் மூடுவதாக அறிவித்தது. ஓராண்டு அவகாசம் கொடுத்து, சர்வர் நிரலையும் திறந்த மூலமாக வெளியிட்டது. அது பாராட்ட வேண்டிய மூடல். எல்லா மூடல்களும் அப்படி அமைவதில்லை.

வெளியேறும் வழி இருக்கிறதா என்று கேட்டால் எல்லாச் சேவைகளும் 'ஏற்றுமதி' பொத்தானைக் காட்டும். அதை அழுத்தினால் வருவது பெரும்பாலும் சி.எஸ்.வி. கோப்புகள். வாடிக்கையாளர் பட்டியல் ஒன்று, ரசீதுகள் ஒன்று, பொருள்கள் ஒன்று. எந்த ரசீது எந்த வாடிக்கையாளருடையது என்ற பிணைப்பை நாம் திரும்பக் கட்ட வேண்டும். கடன் வரம்பைத் தாண்டினால் விற்கக்கூடாது என்பது போன்ற விதிகள், இணைத்த ஸ்கேன் படங்கள், அறிக்கை வடிவங்கள் எல்லாம் அங்கேயே தங்கிவிடும். பழைய ஆக்சஸ் கோப்பில் தரவும் விதியும் படிவமும் ஒரே இடத்தில் கிடந்தன. அந்த முழுமை இன்றைய ஏற்றுமதியில் கிடைப்பதில்லை.

சட்டம் இதைக் கவனிக்கத் தொடங்கியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுச் சட்டம் 2025 செப்டம்பர் 12 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒரு கிளவுட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவோரிடம் அதற்கென்று கட்டணம் வாங்குவதை அது 2027 ஜனவரி முதல் தடைசெய்கிறது. கூகுளும் அமேசானும் வெளியேறும் வாடிக்கையாளர்களுக்கான தரவுக் கட்டணத்தை 2024இலேயே விலக்கிக்கொண்டன. கட்டணம் ஒழிவது நல்லதுதான். வெளியே எடுத்த தரவை வேறெங்கே திறப்பது என்ற கேள்வியை அது தீர்க்காது.

கணக்கறையில் நடப்பது

இந்தியாவில் இந்த இழுபறியைக் கண்ணெதிரே காட்டுவது வணிகக் கணக்கு. 1986இல் தொடங்கிய டாலி, கணினியில் நிறுவி, தரவை அந்தக் கணினியிலோ அலுவலக சர்வரிலோ வைத்துக்கொள்ளும் மென்பொருளாகவே வளர்ந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோவின் கணக்கு மென்பொருள் முழுக்க உலாவி வழியே இயங்குவது. இரண்டுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். மளிகை மொத்த வியாபாரிக்கு டாலி வசதிப்படுவதற்கு வேகம் ஒரு காரணம். பில் போடும் கை விசைப்பலகையை விட்டு எழாமல் அடுத்தடுத்துப் போக வேண்டும். உள்ளூர் வட்டில் இருந்து வரும் விடைக்கும் இன்னொரு ஊரின் சர்வருக்குப் போய்த் திரும்பும் விடைக்கும் உள்ள வேறுபாடு, ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான பில் போடுபவருக்குக் கையில் தெரியும்.

ஆனால் சட்டம் கணக்கறையை மெல்ல இணையத்தோடு கட்டிவிட்டது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய வணிகர்கள், பிற வணிகர்களுக்குப் போடும் விலைப்பட்டியலை 2023 ஆகஸ்டு முதல் அரசின் தளத்தில் பதிந்து எண் வாங்க வேண்டும். கணக்கைத் திருத்தினால் அந்தத் திருத்தத்தின் தடம் அழிக்க முடியாதபடி பதிவாக வேண்டும் என்பது 2023 ஏப்ரல் முதல் கம்பெனிகளுக்குக் கட்டாயம். மின்னணுக் கணக்கின் பேக்கப் இந்தியாவில் உள்ள சர்வரில் நாள்தோறும் வைக்கப்பட வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. இவை மேசைக்கணினி மென்பொருளைத் தடைசெய்யவில்லை. தனித்து நிற்கும் மேசைக்கணினியைத்தான் முடிவுக்குக் கொண்டுவந்தன. டாலி உள்ளூரில் இயங்கிக்கொண்டே அரசுத் தளத்தோடு பேசுகிறது. கிளவுட் சர்வரில் ஏற்றியும் விற்கப்படுகிறது. தரவு அருகில், தொடர்பு வெளியே என்ற இந்தக் கலப்புதான் பல துறைகளில் அடுத்த கட்டமாக இருக்கும் என்று தோன்றுகிறது.

இரண்டு பக்கமும் இருக்க முடியுமா?

இந்தக் கலப்பை ஒரு கொள்கையாகவே முன்வைத்தது 2019இல் இங்க் அண்ட் ஸ்விட்ச் ஆய்வுக்கூடம் வெளியிட்ட ஒரு கட்டுரை. மார்ட்டின் கிளெப்மன் உள்ளிட்ட நால்வர் எழுதியது. தரவின் மூலப்பிரதி பயனரின் கருவியில் இருக்க வேண்டும், சர்வரில் இருப்பது துணைப்பிரதி. இணையம் இல்லாமலும் வேலை நடக்க வேண்டும். சேவை மூடினாலும் மென்பொருள் ஓட வேண்டும் என்பது அவர்கள் வாதம். இதற்கு அடிப்படையாக அவர்கள் காட்டியது, 2011இல் மார்க் ஷபீரோவும் உடன் ஆய்வாளர்களும் வரையறுத்த ஒரு வகைத் தரவுக் கட்டமைப்பு. இரண்டு பேர் தனித்தனியே திருத்திய பிரதிகளை எந்த வரிசையில் சேர்த்தாலும் ஒரே முடிவு வரும்படி அது அமைந்திருக்கும். ஒன்டிரைவ் கண்ணுக்கு ஒரே கட்டியாகத் தெரிந்த கோப்பை, ஒவ்வொரு திருத்தமாகப் பிரித்துச் சேர்க்கும் கலை என்று சொல்லலாம்.

குறிப்பேடு, வரைபடம், பட்டியல் போன்றவற்றுக்கு இது அழகாகப் பொருந்தும். கணக்குக்கு அப்படியே பொருந்தாது. ஒரு கடையின் இரண்டு கிளைகளில் இணையம் அறுந்திருக்கிறது. இருப்பில் ஒரே ஒரு மிக்ஸி. இரண்டு கிளையும் அதைத் தங்கள் பிரதியில் பார்த்து விற்றுவிட்டன. பிறகு இரு பிரதிகளையும் சேர்க்கும்போது கணிதம் குறையில்லாமல் ஒரே முடிவைத் தரும்: இருப்பு மைனஸ் ஒன்று. முடிவு ஒன்றாக இருக்கிறது, ஆனால் ஒரு வாடிக்கையாளருக்குப் பொருள் இல்லை. இருப்பு, வங்கி மீதி, பஸ் இருக்கை போல 'ஒன்றுதான், ஒருவருக்குத்தான்' என்ற தன்மையுள்ள இடங்களில் முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்க ஒரு நடுவர் தேவை. அந்த நடுவர் வேலை சர்வருடையது. ஆக, வருங்கால மென்பொருளை வடிவமைப்பவர் ஒவ்வொரு அட்டவணைக்கும் தனித்தனியே கேட்க வேண்டிய கேள்வி இது: இதைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாமா, இல்லை இப்போதே கேட்டாக வேண்டுமா? வாடிக்கையாளர் முகவரி முதல் வகை. கடைசி மிக்ஸி இரண்டாம் வகை.

பட்டறையின் கதி

எஞ்சின் எங்கும் பரவிவிட்டது. கோப்புக்குத் தரநிலையும் மதிப்பும் திரும்பி வருகின்றன. மூன்றாவது உறுப்பான பட்டறைதான் கவலைக்குரியது. ஏர்டேபிள், ஸோஹோ கிரியேட்டர், மைக்ரோசாஃப்டின் பவர் ஆப்ஸ் போன்றவை நிரலாக்கம் தெரியாதவரும் படிவம் வரைந்து பயன்பாடு கட்டும் வசதியைத் தருகின்றன. பல விதங்களில் அவை ஆக்சஸைவிட எளியவை, கைப்பேசியிலும் ஓடுபவை. ஆனால் அங்கே கட்டியது அங்கேதான் ஓடும். பயனர் எண்ணிக்கைக்கும் வரிகளின் எண்ணிக்கைக்கும் ஏற்ப மாதக் கட்டணம் ஏறும். சந்தா நின்ற மாதத்தில், எழுத்தர் இரண்டு ஆண்டுகள் செதுக்கிய படிவங்களுக்கு வேறு எங்கும் உயிர் இல்லை. டிபேஸில் எழுதிய நிரலை ஃபாக்ஸ்பேஸிலும் கிளிப்பரிலும் பெரும்பாலும் அப்படியே ஓட்ட முடிந்தது. ஒரே மொழியைப் பல நிறுவனங்கள் பேசின. அந்தப் பொதுமை இந்தத் தலைமுறைக் கருவிகளில் இல்லை.

சமீபத்தில் இங்கே ஒரு புதிய காற்று வீசுகிறது. மொழி மாதிரிகளிடம் தேவையைச் சொன்னால் அட்டவணை வடிவமைப்பையும் வினவலையும் படிவத்தையும் அவை எழுதித் தருகின்றன. அப்படி எழுதியது எஸ்க்யூலைட் கோப்பின் மேல் சாதாரண இணையப் பக்கமாக அமைந்தால், நிரலாக்கம் படிக்காத பண்டகக் காப்பாளரின் பட்டறை அவர் கணினிக்கே திரும்ப வர வாய்ப்பிருக்கிறது. எழுதியதைச் சரிபார்ப்பதும் பேக்கப் எடுப்பதும் யார் பொறுப்பு என்ற பழைய சிக்கலும் கூடவே திரும்பும். ஆக்சஸ் காலத்தில், ஒரு கோப்பைக் கட்டியவர் மாற்றலாகிப் போன பிறகு அதைத் தொடப் பயந்த அலுவலகங்கள் உண்டு. தனக்கே புரியாத நிரலைக் கட்டியவரே வைத்திருக்கும் நிலை அதைவிடச் சங்கடம்.

பெட்டியில் அடைத்து விற்ற மேசைக்கணினித் தரவுத்தளம் மெதுவாகச் சுருங்கிக்கொண்டே போகும். ஆக்சஸும் ஃபைல்மேக்கரும் இருக்கிற அலுவலகங்களில் இன்னும் பல ஆண்டுகள் நீடிக்கும். வாங்குபவர்கள் இன்று தீர்மானிக்க வேண்டியது அதுவல்ல. எந்தச் சேவையை எடுத்தாலும் மூன்று சோதனைகளைக் கையெழுத்துக்கு முன்பே செய்து பார்க்கலாம். தரவு முழுவதையும், அட்டவணைகளுக்கு இடையிலான பிணைப்புகளோடும் இணைப்புகளோடும், எஸ்க்யூலைட் போன்ற திறந்த வடிவில் வாரம் ஒருமுறை தானாக வெளியே எடுக்க முடிகிறதா? அப்படி எடுத்ததை அந்த நிறுவனத்தின் மென்பொருள் இல்லாமல் வேறொருவர் திறந்து ஒரு ரசீதைக் கண்டுபிடித்துக் காட்ட முடிகிறதா? இணையம் இல்லாத அரைநாளில் எந்தெந்த வேலை நடக்கும், எது நிற்கும் என்று எழுதிக் கொடுக்கிறார்களா?

கூட்டுறவுச் சங்கங்கள், நூலகங்கள், உள்ளாட்சிகள் போன்றவற்றின் டெண்டரில் இந்த மூன்றையும் நிபந்தனையாகச் சேர்க்கப் பெரிய செலவு எதுவும் இல்லை. இரண்டாவது சோதனையை ஏலத்தின்போதே எல்லோர் முன்னும் செய்து காட்டச் சொல்லலாம். அதில் தேறும் நிறுவனத்தின் சர்வர் மும்பையில் இருக்கிறதா, மேசைக்கு அடியில் இருக்கிறதா என்பது அதன் பிறகு வசதியையும் செலவையும் பொறுத்த விஷயம்.